தொடாமல் காப்பது: குமரி மாவட்டத்துப் பழஞ்சின்னங்களைக் கண்காணிக்கும் தன்னார்வலருக்கு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் ஒரு பழைய கல் காணாமல் போக இரவும் வேண்டாம், திருடனும் வேண்டாம். சாலையை அகலப்படுத்த வரும் ஜேசிபிக்குப் பட்டப்பகலில் பத்து நிமிடம் போதும். குளத்துப் படிக்கட்டைச் சீரமைக்கிறோம் என்று எழுத்துள்ள கல்லைத் தலைகீழாகப் பதித்துச் சிமென்ட் பூசிவிட்டால், அதன்பிறகு அதில் எழுத்து இருந்ததே யாருக்கும் தெரியாது. இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். அந்தக் கல் என்னவென்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். சொல்லும் ஆளாக நிற்பதுதான் தன்னார்வலரின் வேலை. பார்ப்பது, பதிவது, மறுபடி வந்து பார்ப்பது, உரியவருக்கு எழுதுவது ஆகிய நான்கும் அதில் அடக்கம். தோண்டுவதும் கழுவுவதும் ஒட்டுவதும் அதில் இல்லை.

முதலில்: எது யார் பொறுப்பில்?

புகார்கள் வீணாவதற்கு முக்கியக் காரணம் அவை தவறான மேசைக்குப் போவதுதான். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்தது. அந்த வரலாற்றால் இங்கே பொறுப்புகள் மற்ற மாவட்டங்களைவிடச் சிக்கலாகக் கிடக்கின்றன.

சிதறால் மலையின் சமணச் சிற்பங்களும் வட்டக்கோட்டையும் மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையிடம் உள்ளன. மாநிலத் தொல்லியல் துறை அறிவித்த சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தும். தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. அங்கே மரத்தில் கரையான் கண்டால் நாகர்கோவிலில் மனு கொடுத்துப் பயனில்லை. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாயின் கல்லறை இருக்கிறது, வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவும் இருக்கிறது. சுசீந்திரம், திருவட்டாறு போன்ற கோயில்கள் இந்து சமய அறநிலையத்துறையின் கீழ் வருகின்றன. மாவட்டக் கோயில்களுக்கான இணை ஆணையர் அலுவலகம் சுசீந்திரத்தில் உள்ளது. தேவாலயமோ பள்ளிவாசலோ ஆனால் அதன் நிர்வாகத்திடம்தான் முதலில் பேச வேண்டும்.

மிச்சமுள்ளவை எந்தப் பட்டியலிலும் இல்லை. சுமைதாங்கிக் கல், வழிப்போக்கர் தங்கும் வழியம்பலம், கல்மண்டபம், குளத்து மடையில் செதுக்கிய எழுத்து, விளைக்குள் (தோட்டத்துக்குள்) கிடக்கும் உடைந்த சிற்பம், ஆரல்வாய்மொழிப் பக்கம் துண்டு துண்டாக நிற்கும் திருவிதாங்கூர் அரண்சுவரின் எச்சம் என்று அவை ஏராளம். எங்கே தொடங்குவது என்று கேட்டால் எங்கள் பதில் இதுதான்: சிதறாலுக்குக் காவலர் உண்டு, உங்கள் ஊர்ச் சுமைதாங்கிக்கு இல்லை. அங்கேயே தொடங்குங்கள்.

இடத்துக்குப் போனதும் அறிவிப்புப் பலகையைப் படித்துப் படமெடுங்கள். பலகை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு, அது பட்டா நிலமா புறம்போக்கா என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டா நிலமானால் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. சரணாலய எல்லைக்குள்ளும் காப்புக்காட்டிலும் வனத்துறை அனுமதி தேவை. கோயில்களில் செல்போனுக்கும் படத்துக்கும் தடை இருக்கும், ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டியிருக்கும். ஆகவே எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் கையில் பிடித்துப் படமெடுக்கலாம். முக்காலியும் ட்ரோனும் அனுமதியில்லாமல் கூடாது.

கொண்டு போக வேண்டியவை

தனியாகப் போகாதீர்கள். இருவர் போதும், மூவர் என்றால் நல்லது: ஒருவர் படமெடுக்க, ஒருவர் எழுத, ஒருவர் விளக்குப் பிடிக்க. இடத்தைக் குறிக்கும் வசதியுள்ள செல்போன், 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5 மீட்டர் டேப், கோட்டைச்சுவர் என்றால் 30 மீட்டர் துணி டேப், கறுப்பும் வெள்ளையுமாகச் சென்டிமீட்டர் போட்ட 10 செ.மீ. அளவுகோல் அட்டை, பட்டையான ஒளி தரும் எல்இடி டார்ச், கறுப்புக் குடை, கோடு போட்ட நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும், மை கரைந்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மலையடிவாரத்தில் அட்டைப்பூச்சிக்கு உப்புப்பொடி. பாறை விளிம்பில் தேன்கூடு இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சுண்ணக்கட்டி, மாவு, கரி, கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் பைக்குள் இருக்கக் கூடாது.

முதல் வருகை: அடிப்படைப் பதிவு

பின்னாளில் “முன்பு இப்படி இல்லை” என்று நிரூபிக்க உங்களிடம் இருக்கப்போவது முதல் நாள் எடுத்த பதிவு மட்டுமே. ஒரு சின்னத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. இடக்குறிப்பு. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் தசமப் புள்ளிக்குப்பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள். ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆனால் போன் காட்டுவது திறந்தவெளியிலேயே சில மீட்டர் பிசகும், ரப்பர்த் தோட்டத்துக்குள் இன்னும் அதிகமாகப் பிசகும். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்று, எண் நிலைத்தபின் எழுதுங்கள். கூடவே அசையாத அடையாளம் ஒன்றிலிருந்து தூரமும் திசையும் வேண்டும்: “பாலத்தின் கிழக்குக் கைப்பிடியிலிருந்து தெற்கே 14 மீட்டர்”. பால் சொசைட்டியின் தட்டியை அடையாளமாக எழுதினால் அடுத்த ஆண்டு தட்டி இருக்காது.

2. அளவு. நீளம், அகலம், உயரம், மண்ணுக்கு மேல் தெரியும் உயரம். கடைசி அளவை விட்டுவிடாதீர்கள். தார் மேல் தார் போட்டுச் சாலை உயரும்போது சுமைதாங்கி மெல்லப் புதைகிறது. அதைக் காட்டும் சாட்சி இந்த எண்தான்.

3. படம். நான்கு பக்கமும் நான்கு, சுற்றுப்புறத்தோடு ஒன்று, நுணுக்கத்துக்கு ஒன்று, ஆகக் குறைந்தது ஆறு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுங்கள், அளவுகோலோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை. எந்த இடத்தில் நின்றீர்கள், எவ்வளவு தூரம், கேமரா எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். ஜூமை 1எக்ஸில் வையுங்கள். 0.5எக்ஸ் லென்ஸ் விளிம்புகளை வளைக்கும், நேரான தூண் சாய்ந்ததாகத் தெரியும். அப்படி எடுத்த படத்தை நம்பித் “தூண் சாய்கிறது” என்று புகார் போனால், அடுத்த முறை உண்மையாகவே சாயும்போது யாரும் நம்பமாட்டார்கள்.

4. நிலை. விரிசல், பெயர்ந்த கல், செடி, உப்புப் பூத்தல், எண்ணெய்ப் பிசுக்கு, பெயிண்ட், கிறுக்கல், நீர் தேங்கும் இடம். “மோசமாக உள்ளது” என்று எழுதாதீர்கள். “வடக்குச் சுவர், தரையிலிருந்து மூன்றாம் வரிசை, 40 செ.மீ. நீள விரிசல், அகலமான இடத்தில் 3 மி.மீ.” என்று எழுதுங்கள்.

5. ஊரார் சொல். அந்தக் கல்லுக்கு ஊரில் என்ன பெயர், யார் விளக்கேற்றுகிறார்கள், எப்போது கொடை விழா. ஒரு சின்னத்தின் முதல் காவலர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பாட்டியாகத்தான் இருப்பார். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி, வரலாறு என்ற தலைப்பில் அல்லாமல் ஊர் வழக்கு என்ற தலைப்பில் வையுங்கள்.

எழுத்துள்ள கல்லைப் படமெடுக்கும் முறை

இது தனியாகச் சொல்ல வேண்டிய கலை. நேர் வெயிலில் எழுத்து தெரியாது. குடையைப் பிடித்துக் கல்லின்மேல் நிழல் விழச் செய்யுங்கள். டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல், 10 முதல் 15 டிகிரிச் சாய்வில் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். செதுக்கிய பள்ளத்தில் நிழல் நிறைந்து எழுத்து எழுந்து வரும். இடம், வலம், மேல், கீழ் என நான்கு திசையிலிருந்தும் ஒளி கொடுத்து நான்கு படம் எடுங்கள். ஒரு திசை ஒளியில் படுக்கைக்கோடு மறைந்துபோகும், அடுத்த திசையில் அது தெரியும். நீண்ட கல்வெட்டானால் ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் விழும்படி நகர்ந்துகொண்டே எடுங்கள்.

சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புவது மிகப் பரவலான தவறு. நிரப்புபவர் தமக்குத் தெரிந்த எழுத்தாகவே அதை நிரப்புகிறார். குமரியின் பழைய கல்வெட்டுகள் பல வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையில் உள்ளவை. இன்றைய எழுத்தை மனத்தில் வைத்துச் சுண்ணம் பூசினால் இல்லாத எழுத்து பிறக்கும், அந்தப் படத்தை வாசிப்பவர் தவறாகவே வாசிப்பார். தாள் ஒற்றி மைப்படி எடுப்பதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை, துறையின் அனுமதியோடு மட்டும் செய்ய வேண்டியது.

ஆண்டு வாசிக்கும்போது ஒரு சிறு கணக்கு. இங்கே கேரளத்தின் கொல்லம் ஆண்டு வழக்கம். அதை ஆங்கில ஆண்டாக மாற்ற, ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 681 என்றிருந்தால் 1505-06. மாதம் தெரியாவிட்டால் இரண்டு ஆண்டையும் எழுதுங்கள்.

புதிய கல்வெட்டு என்று அறிவிக்குமுன் பொறுமை வேண்டும். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை நூல்களிலும், மாநிலத் தொல்லியல் துறையின் கன்னியாகுமரிக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்கிறது. திருநந்திக்கரைக் குடைவரையில் முதலாம் ராஜராஜனின் சதய நாள் விழாவையும், முட்டம் என்ற ஊர் மும்முடிச்சோழநல்லூர் ஆனதையும் சொல்லும் கல்வெட்டு நூறாண்டுக்கு முன்பே அச்சேறியது. ஏற்கெனவே படித்த கல்லைக் கண்டால் ஏமாற வேண்டாம். அச்சில் உள்ள எந்த வரி இன்று கல்லில் அழிந்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள். பாதுகாப்புக்குப் புதிய கண்டுபிடிப்பைவிட அந்த ஒப்பீடு பெரிய உதவி.

மறு வருகைகள்: எப்போது, எதைப் பார்க்க

ஆண்டுக்கு நான்கு முறை போதும். மே கடைசியில், தென்மேற்குப் பருவமழைக்கு முன். செப்டம்பரில், அது ஓய்ந்தபின். டிசம்பர் கடைசியில், வடகிழக்கு மழை முடியும்போது. மார்ச்சில், வறட்சியில். இதற்கு மேல் ஒவ்வொரு புயலுக்கும் பெருவெள்ளத்துக்கும் பிறகு ஒருமுறை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்டபத்தின்மேல் விழுந்த மரத்தை அகற்றுகிறேன் என்று கயிறு கட்டி இழுத்தால், மரம் விழுந்தபோது தப்பிய கல்லும் பெயரும். மரத்தைச் சிறு துண்டுகளாக அறுத்து இறக்கச் சொல்ல வேண்டும்.

முந்தைய படத்தை அச்சிட்டுக் கொண்டு போங்கள். அதே இடத்தில் நின்று, படத்தில் தெரியும் விளிம்பும் எதிரே தெரியும் விளிம்பும் பொருந்தும்வரை நகர்ந்து, அதன்பிறகு எடுங்கள்.

செடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. பறவை எச்சத்தில் விழும் அரசும் ஆலும் கல் இடுக்கில் முளைக்கும். ஒரு சாண் உயரத்தில் பார்த்ததும் பிடுங்கக் கை துறுதுறுக்கும். பிடுங்காதீர்கள். வேர் சுண்ணக்காரையைப் பெயர்த்துக்கொண்டு வரும். தண்டை மட்டும் வெட்டினால் வேர் தடித்துப் பல கிளையாகத் துளிர்க்கும். அது வேரைக் கொன்று, இடுக்கைச் சுண்ணத்தால் அடைக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. உங்கள் பங்கு, செடி ஒரு சாணாக இருக்கும்போதே படத்தோடு தெரிவிப்பது. ஆள் உயரம் வளர்ந்தபின் அதை அகற்றவே சுவரைப் பிரிக்க வேண்டிவரும்.

கடலோரத்தில் வேறு பிரச்சினை. வட்டக்கோட்டை போன்ற இடங்களில் உப்புக்காற்றின் ஈரம் கல்லுக்குள் புகுந்து, காயும்போது உப்புப் படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். இணைப்பைச் சிமென்டால் பூசினால் நிலைமை மோசமாகும். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், உப்பும் அங்கேயே படியும். வெள்ளைப் பூப்பு, உதிர்ந்த தூள், புதுச் சாம்பல் நிறப் பூச்சு மூன்றையும் தேதியோடு குறியுங்கள். கல்லோடு பிணைத்த இரும்புக் கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கல்லையே பிளக்கும். பழுப்புக் கறை வடிந்திருந்தால் உள்ளே கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

கோயில்களில் பார்க்க வேண்டியவை: தூண் சிற்பத்தில் எண்ணெய், கற்பூரப் புகை, இனாமல் பெயிண்ட், கல்வெட்டின்மேல் ஆணியடித்த ஸ்விட்ச் போர்டு, உபயதாரர் பெயர் செதுக்கிய டைல்ஸ். திருப்பணி அறிவிப்பு வந்த உடனேயே எல்லாக் கல்வெட்டுகளையும் படமெடுத்து முடித்துவிடுங்கள். மணலை வேகமாக வீசிக் கல்லைத் தேய்க்கும் சாண்ட் பிளாஸ்டிங் இயந்திரம் இறங்கிவிட்டால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. சுவரோவியம் உள்ள இடத்தில் ஃபிளாஷ் வேண்டாம். நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பது பெரும் கொடுமை.

மலைகளில் பெயர் கிறுக்குவதும், புதையல் தேடிக் குழி பறிப்பதும் நடக்கின்றன. சிற்பத்தின் அடியில் புதுக்குழி, பக்கத்தில் எலுமிச்சையும் குங்குமமும் கண்டால் குழியை மூடாதீர்கள். அளவுகோலை வைத்து ஆழத்தைப் படமெடுத்து, அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

சுமைதாங்கிகள்

இரண்டு நிறுத்துக்கல், மேலே ஒரு படுக்கைக்கல். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக, தலைச்சுமையோடு நடப்பவர் சுமையை இறக்கி வைக்க நட்டவை. அந்தப் பெண்ணின் பெயர் உலகத்தில் வேறெங்கும் எழுதப்படாமல், அந்தப் படுக்கைக்கல்லில் மட்டும் இருக்கக்கூடும். இவை சாலையோரத்தில் நிற்பதால் சாலை வேலையில் முதலில் அழிவதும் இவையே.

சாலை அளவை நடக்கும்போதே நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும் ஊராட்சிக்கும் எழுதுங்கள். ஒப்பந்ததாரர் வந்தபின் எழுதினால் தாமதம். கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்: முடிந்தால் இருந்த இடத்திலேயே விட வேண்டும். முடியாவிட்டால் அதே சாலையில், அதே பக்கம், எழுத்துள்ள முகம் அதே திசை பார்க்க, சில மீட்டர் தள்ளி நட வேண்டும். பிரிக்குமுன் ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதிய துணிப்பட்டையைக் கட்ட வேண்டும், கல்லில் பெயிண்டால் எண் போடக் கூடாது. தூக்கும்போது சங்கிலி கூடாது, அகலமான நாடா வேண்டும். நிறுத்துக்கல் மண்ணுக்குள் எவ்வளவு புதைந்திருந்தது என்று அளந்து, அதே ஆழத்துக்கு நட வேண்டும். ஆழம் குறைந்தால் படுக்கைக்கல்லின் பாரம் அதைச் சாய்த்துவிடும்.

புகார் எழுதும் முறை

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஒரு சின்னத்துக்கு ஒரு மனு. மாதிரி இது:

“____ வட்டம், ____ கிராமம், சர்வே எண் ____, (அட்சரேகை, தீர்க்கரேகை) என்ற இடத்தில் உள்ள கல்மண்டபத்தின் தெற்குத் தூண் ____ தேதியில் நேராக இருந்தது (படம் 1). ____ தேதியில் அதன் அடியில் 60 செ.மீ. ஆழத்துக்குக் குழாய்ப்பள்ளம் தோண்டப்பட்டுள்ளது (படம் 2). பள்ளத்தைத் தூணிலிருந்து தள்ளி அமைக்கவும், தொல்லியல் அலுவலர் நேரில் பார்வையிடவும் வேண்டுகிறோம்.”

யாரையும் குற்றம் சாட்டும் சொல் இதில் இல்லை, கவனியுங்கள். கண்டதை மட்டும் எழுதினால் அலுவலர் அதன்மேல் குறிப்பு எழுதி அனுப்புவது எளிது, உங்கள்மேல் வழக்கு வரவும் இடமிராது.

அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் என்றால் நாகர்கோவில் கோட்டாட்சியர். கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் என்றால் பத்மநாபபுரம் சார் ஆட்சியர். உரிய துறைக்கு மனு, வருவாய்க் கோட்டத்துக்கு நகல், பட்டுவாடாச் சான்றோடு விரைவுத் தபாலில். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். 30 நாளில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, “எனது மனுவின்மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்” என்று கேளுங்கள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்டால் வரும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். படத்தின்மேலேயே தேதியும் வரைபடமும் ஒட்டும் செயலியில் எடுத்தால், ஒட்டாத மூலப்படத்தையும் வைத்திருங்கள்.

கண்முன்னே வேலை நடந்தால்

இயந்திரத்தின் முன்னே போய் நிற்காதீர்கள். பாதுகாப்பான தூரத்திலிருந்து வண்டி எண்ணும் சின்னமும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். 112க்கு அழைத்து நேரத்தைக் குறியுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் போன் செய்து, உடனே அதையே எழுத்திலும் அனுப்புங்கள். ஓட்டுநரிடம் மரியாதையாகப் பேசினால் பலமுறை வேலை அரைமணி நேரம் நிற்கும். “அண்ணாச்சி, இது பழைய கல், அதிகாரி வந்துகொண்டிருக்கிறார், அதுவரை அந்தப் பக்கம் மண்ணை அள்ளுங்கள்” என்றால் போதும்.

மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமானால் சட்டம் உறுதியானது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டடத்தைத் தடை செய்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட முடியும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மண்ணுக்குள் ஏதேனும் கிடைத்தால்

வீட்டு அடித்தளம் தோண்டும்போது முதுமக்கள் தாழியோ நாணயமோ சிலையோ வந்தால் முதல் விதி, இருந்த இடத்திலேயே விடுவது. தாழிக்குள் இருக்கும் மண்தான் ஆய்வாளருக்கு மதிப்புள்ளது, பானையைக் கழுவினால் அது போய்விடும். வெயிலில் வைத்தால் ஈரத்தில் இருந்த தாழி சில மணி நேரத்தில் வெடிக்கும். நனைத்த சாக்கை நேரடியாகப் போடாமல், நிழல் கட்டி, மேலே தளர்வாகத் தார்ப்பாய் போட்டு, ஆள் காவல் வையுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன, எங்கே, எந்தத் தேதியில் என்று. உரிமையாளர் நிலம் போய்விடுமோ என்று பயப்படுவார். தகவல் சொன்னதால் நிலம் பறிபோகாது என்பதையும், மறைத்தால்தான் குற்றம் என்பதையும் பொறுமையாக விளக்குங்கள்.

பதிவேட்டைப் பேணுதல்

கோப்புப் பெயரில் வட்டம், சின்னம், எண், தேதி, திசை வரிசையாக வரட்டும்: “தோவாளை-சுமைதாங்கி-03-20250614-வடக்கு”. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகக் காலவரிசையில் அடுக்கும். மூன்று பிரதி வையுங்கள்: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறொருவர் வீட்டில் ஒன்று.

காவலில்லாத சிற்பம், நடுகல், உலோகத் திருமேனி ஆகியவற்றின் துல்லியமான இடத்தைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். ஊர்ப்பெயர்கூட வேண்டாம், வட்டத்தின் பெயர் போதும். முழு விவரம் துறைக்குப் போகும் கடிதத்தில் இருக்கட்டும். சிலை காணாமல் போனால் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவிலும் புகார் செய்யுங்கள். உடைந்த விரல், பீடத்து எழுத்து, மூக்கு மழுங்கல் போன்ற குறைகளின் நெருக்கப்படங்களை அதோடு கொடுங்கள். வெளிநாட்டில் ஒரு சிலை கிடைத்தால் அது இதுதான் என்று நிறுவ உதவுவது அந்தக் குறைகளே. ஆகவே ஒவ்வொரு சிலைக்கும் முன்பக்கப் படத்தோடு முதுகுப்புறத்தையும் பீடத்தின் அடியையும் முதல் வருகையிலேயே எடுத்துவிடுங்கள்.